நாலு வாரம் தாண்டிய இருமல்: குழந்தைகளின் நுரையீரல் நோயை ஆரம்பத்திலேயே கண்டுகொள்வது எப்படி?

மஞ்சக்குப்பம் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். கடலூர், புதுச்சேரி பக்கம் இருக்கும் பெற்றோர்களிடம் கேட்கிறேன். என் மகளுக்கு ஐந்து வயது. ஐப்பசி மழையில் பிடித்த சளி, தை பிறந்தும் விடவில்லை. காய்ச்சல் இல்லை, நன்றாகத்தான் ஓடி விளையாடுகிறாள். ஆனால் காலையில் எழுந்ததும் நெஞ்சுக்குள் கொர கொர என்று சத்தம். இருமும்போது சளி மேலே வருவது தெரிகிறது, துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுகிறாள். இருமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தாயிற்று. "பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குச் சளி இல்லாம இருக்குமா" என்று வீட்டில் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "பிரைமரி காம்ப்ளக்ஸா இருக்கும், ஆறு மாசம் மருந்து சாப்பிட்டா சரியாயிடும்" என்கிறார். சாதாரணச் சளிக்கும் நுரையீரலில் தங்கிவிட்ட நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுகொள்வது? எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோரிமேடு செவிலி

சகோதரி, நான் புதுச்சேரியில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

முதலில் நாட்களை எண்ணுங்கள். பால்வாடி, பள்ளி போகும் குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சகஜம். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நாள் இருமல் இருக்கலாம். அதனால் எப்போதும் இருமிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்தக் குழந்தைக்கு நடுநடுவே இருமலே இல்லாத நாட்கள் வரும். அப்படிப்பட்ட நாட்கள் உங்கள் மகளுக்கு வந்தனவா என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு எட்டு வாரம் தாண்டினால்தான் நாள்பட்ட இருமல் என்பார்கள். குழந்தைகளுக்கு நான்கு வாரம் போதும்.

அடுத்தது, இருமல் வறட்டா, ஈரமா. ஐந்து வயதுக் குழந்தை சளியைத் துப்பாது. அதனால் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வது ஈர இருமல். வேறு எந்தக் கோளாறும் தெரியாத குழந்தைக்கு நான்கு வாரம் தினமும் ஈர இருமல் இருந்தால், கீழ் மூச்சுக்குழாய்களில் பாக்டீரியா தங்கிவிட்டது என்று டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து மருத்துவர்கள் 2006இல் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். இப்போது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தகுந்த ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வாரம் முழுசாகக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்று நாள், ஐந்து நாள் கொடுத்து நிறுத்தினால் திரும்ப வரும். நான்கு வாரம் கொடுத்தும் அடங்காவிட்டால் சி.டி. ஸ்கேன் வரை போக வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கவனிக்காமல் விட்ட ஈர இருமல் சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் விரிவு நோயில் கொண்டுபோய் விடுகிறது. குழாயின் சுவர் கெட்டு விரிந்து, சளி அங்கேயே தேங்கி, திரும்பத் திரும்பக் கிருமி பிடிக்கும். பெரியவர்களுக்கு இது வந்தால் வந்ததுதான். குழந்தைக்கு ஆரம்ப நிலையில் கண்டுபிடித்து வைத்தியம் பார்த்தால் விரிந்த குழாய் பழைய நிலைக்கே திரும்ப வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பைத் தவறவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

நான்கு வாரம்கூடக் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டிய அடையாளங்களும் உண்டு. எடை ஏறாமல் நிற்பது, தேறாமல் மெலிந்துகொண்டே போவது. வருடத்தில் இரண்டு முறை நிமோனியா வருவது. எக்ஸ்ரேயில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வெள்ளை தெரிவது. சளியில் ரத்தம். பால் குடிக்கும்போதும் சாப்பிடும்போதும் இருமுவது. நெஞ்சுக்கூடு முன்தள்ளியோ உள்வாங்கியோ இருப்பது. விரல் நுனி தடித்து நகம் உருண்டு வளைவது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கை ஆள்காட்டி விரல்களின் நகத்தையும் எதிரெதிரே ஒட்டி வைத்தால் நடுவே சின்னதாக ஒரு வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுக்குழாய் விரிவிலும், சில இதய நோய்களிலும் அது மறைந்துவிடும்.

இன்னொன்று. ஓ.பி.யில் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எந்தக் குழந்தையும் இருமாது. காலை இருமலையும், தூங்கும்போது மூச்சு விடுவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். சட்டையைத் தூக்கி நெஞ்சு தெரிகிற மாதிரி எடுங்கள்.

வில்லியனூர் ஆயா

நான் ஆறு பேரன் பேத்திகளை வளர்த்தவள். எங்கள் காலத்தில் சளி என்றால் தூதுவளை ரசம், ஓமவல்லிச் சாறு, குளிக்க வைத்துச் சாம்பிராணிப் புகை. எல்லாம் நன்றாகத்தான் வளர்ந்தன. எதற்கெடுத்தாலும் ஸ்கேன், ஆன்டிபயாட்டிக் என்று பயமுறுத்த வேண்டாம் அம்மா. இன்ஹேலர் வைத்தால் அதுவே பழகிவிடும் என்று வேறு சொல்கிறார்கள்.

கோரிமேடு செவிலி

ஆயா, தூதுவளை ரசத்தை யாரும் தடுக்கவில்லை. இருமல் ஒரு மாதத்தைத் தாண்டினால் ரசத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் இரண்டு பழக்கங்களை விட்டுவிடச் சொல்வேன். ஒன்று, சாம்பிராணிப் புகையைக் குழந்தையின் முகத்துக்கு நேரே காட்டுவது. முடி உலர வேண்டுமென்றால் துண்டு போதும். இரண்டாவது, சளி எடுக்க மூக்கில் எண்ணெய் விடுவது. கைக்குழந்தைக்கு விடும் எண்ணெய் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எண்ணெய் இறங்கினால் குழந்தைக்கு இருமல்கூட வராது, அதுதான் ஆபத்து. நெஞ்சில் அது தேங்கி ஏற்படும் நிமோனியா எளிதில் ஆறாது. நம் தென்னிந்தியக் குழந்தைகளிடம் இது பலமுறை பதிவாகியிருக்கிறது. தொக்கம் (உள்ளே சிக்கிய உணவு) எடுக்கிறேன் என்று வாயில் ஊதுவதும் ஆபத்துதான்.

கொசுவர்த்தியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கதவைச் சாத்திய அறையில் அதை ஏற்றி வைத்துக் குழந்தையைத் தூங்கப் போடாதீர்கள். கொசுவலை கட்டுங்கள்.

பண்ருட்டி அப்பா

சிஸ்டர் சொன்ன "எக்ஸ்ரேயில் அதே இடம்" என்பதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். பையனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது மல்லாட்டை (வேர்க்கடலை) உரித்துக்கொண்டிருந்த இடத்தில் விளையாடினான். திடீரென்று புரையேறி முகம் சிவந்து இருமினான். தலையில் தட்டினோம், தண்ணீர் கொடுத்தோம், சரியாகிவிட்டது. பிறகு வந்த காய்ச்சலை யாரும் அதோடு சேர்த்து யோசிக்கவில்லை. நிமோனியா என்று மருந்து கொடுத்தார்கள், குறைந்தது. சில வாரத்தில் மறுபடியும் வந்தது. வலது பக்கம், அதே இடம். வீசிங் என்று சொல்லி நெபுலைசரில் மருந்துப் புகை வைத்தார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா எக்ஸ்ரே படங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எப்பவாவது சாப்பிடும்போது புரையேறிச்சா?"

மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் அரைப் பருப்பு இருந்தது. எடுத்த பிறகு இருமல் நின்றது. மல்லாட்டை, புளியங்கொட்டை, பட்டாணி எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது என்று அப்போதுதான் சொன்னார்கள். புரையேறி அடங்கிய பிறகு சில நாள், சில வாரம் எந்தத் தொந்தரவும் இருக்காது. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு மல்லாட்டையும் முந்திரியும்தான். நான்கைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முழுப் பருப்பு கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பொடித்துக் கொடுங்கள்.

திருப்பாப்புலியூர் தம்பி

ஆயா சொன்ன இன்ஹேலர் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்து இளைப்பு. இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயத்தில் வருடக்கணக்காக சிரப்பும் மாத்திரையும்தான். ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்குவேன். மார்கழிப் பனி என்றாலே பயம். ஸ்பேசர் என்ற குடுவையை இன்ஹேலரில் மாட்டி மருந்து எடுக்க ஆரம்பித்த பிறகுதான் மற்ற பையன்களோடு சில்வர் பீச்சில் கிரிக்கெட் ஆட முடிந்தது.

மருந்தின் அளவைப் பாருங்கள். இளைப்புக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஒரு பஃப், அதாவது இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது, 100 மைக்ரோகிராம், சிரப்பில் இருபதில் ஒரு பங்குதான். சிரப் உடம்பு முழுக்கச் சுற்றித்தான் நெஞ்சுக்கு வர வேண்டும், பஃப் நேராகப் போகிறது. தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரால் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம் என்பது உண்மைதான், டாக்டரே என்னிடம் சொன்னார். மூச்சுக்குத் திணறிக்கொண்டே வளர்வதை விட அது எனக்குப் பரவாயில்லை.

ஆறு வயதுக்கு மேல் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை செய்யலாம். பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதுவது போல ஒரே மூச்சில் ஊதச் சொல்வார்கள். மருந்து கொடுத்து மறுபடி ஊதும்போது அளவு 12 சதவீதத்துக்கு மேல் கூடினால் ஆஸ்துமாவுக்கு நல்ல ஆதாரம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ராத்திரி இருமல், ஓடினால் இருமல், வீட்டில் யாருக்காவது இளைப்பு, தோலில் அரிப்பு, மருந்துக்குக் குறைகிறதா என்பதை எல்லாம் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

மஞ்சக்குப்பம் அம்மா

எல்லோருக்கும் நன்றி. மகளின் நகத்தை ஒட்டிப் பார்த்தேன், இடைவெளி தெரிகிறது. புரையேறியதாக ஞாபகம் இல்லை. எடை மட்டும் கொஞ்ச நாளாக ஏறவில்லை. சிஸ்டர், பிரைமரி காம்ப்ளக்ஸ் பற்றிச் சொல்ல முடியுமா? பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை.

கோரிமேடு செவிலி

பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று நம் ஊரில் சொல்வது குழந்தைகளின் காசநோயைத்தான். சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ, எடை ஏறாமல் நிற்பது, வீட்டில் அல்லது பழகும் இடத்தில் காசநோயாளி, இந்த மூன்றையும் கேட்பார்கள். ஆனால் பரிசோதனை செய்யாமல் ஆறு மாத மருந்தை ஆரம்பிக்கச் சம்மதிக்காதீர்கள். கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ, கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்பதை மட்டும் காட்டும். நோய் இருக்கிறது என்பதற்கு அது மட்டும் சான்று ஆகாது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தத்தில் கூடியிருப்பதும் அப்படித்தான்.

உங்கள் மகள் சளியை விழுங்குகிறாள் என்றீர்களே, அதையே வைத்துத்தான் பரிசோதனை. காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்து, காசநோய்க் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று எந்திரத்தில் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோய் உறுதியானால் மருந்தும் இலவசம், முழுசாகக் குணமாகும். இல்லை என்று தெரிந்தால் ஆறு மாதம் வீணாகாமல் உண்மையான காரணத்தைத் தேடலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் தொடங்குங்கள். தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

நெல்லிக்குப்பம் அம்மா

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்கு சிலியா கோளாறு. மூச்சுக்குழாயின் உள்பக்கம் நுண்ணிய முடிகள் அசைந்து அசைந்து சளியை மேலே தள்ள வேண்டும். அவனுக்குப் பிறவியிலேயே அவை சரியாக அசைவதில்லை. நிறைமாதத்தில் பிறந்தான், ஆனாலும் பிறந்ததும் மூச்சுத் திணறி ஆக்சிஜன் வைத்தார்கள். பிறந்த நாளிலிருந்து மூக்கு ஒழுகாத நாளே கிடையாது. காதில் சீழ் வேறு. கோடையிலும் ஈர இருமல். எக்ஸ்ரேயில் இதயம் வலது பக்கம் தெரிந்தபோது படத்தைத் திருப்பிப் பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தோம். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உறுப்புகள் இப்படி இடம் மாறியிருக்குமாம். கடைசியில் மரபணுப் பரிசோதனையில் உறுதியானது.

நான் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன். அதனால்தான் வந்தது என்று யாரும் என்னைக் குத்திக் காட்ட வேண்டாம், அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆனால் டாக்டர் விளக்கியதை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா அம்மா இருவரிடமும் அதே மரபணுக் குறை ஒளிந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் அதே குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்ததிலிருந்தே இருமிக்கொண்டிருந்தால், அல்லது மூத்தது நெஞ்சுச் சளியில் இறந்திருந்தால், அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். என் மகன் இப்போது தினமும் நெஞ்சுப் பயிற்சி செய்து சளியை வெளியேற்றுகிறான், சைக்கிளும் ஓட்டுகிறான். காது கேட்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்கிறோம்.

கோரிமேடு செவிலி

நெல்லிக்குப்பம் அக்கா எழுதியது பலருக்கு உதவும். இதே போல அப்பா அம்மா இருவரின் மரபணு வழியாக வரும் இன்னொரு நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் வருகிறது. முத்தம் கொடுத்தால் தோல் உப்புக் கரிப்பது, நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாதது, எண்ணெய்ப் பசையோடு நாற்றமடிக்கும் மலம், கூடவே நெஞ்சுச் சளி. இவை சேர்ந்திருந்தால் வியர்வைப் பரிசோதனை கேளுங்கள். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அந்த நோய்தான் என்று பெரும்பாலும் உறுதியாகிவிடும். எல்லா இடத்திலும் செய்வதில்லை, வேலூர் சி.எம்.சி.யில் செய்கிறார்கள்.

குறைமாதத்தில் பிறந்து வெகுநாள் ஆக்சிஜனில் இருந்த குழந்தைகளும் தனிக் கணக்கு. அவர்களுக்கு நான்கு வார விதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், தேதி தவறாமல் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

முதுநகர் வாசி

எல்லாம் சரி. ஆனால் தொழிற்பேட்டை ஓரத்தில் குடியிருக்கும் எங்களைப் பற்றியும் பேசுங்கள். ராத்திரியில் காற்று திரும்பினால் அழுகிய முட்டை நாற்றம், கண் எரிச்சல், பிள்ளைகள் இருமிக்கொண்டே எழுந்திருக்கும். எங்கள் தெருவில் இருமல் இல்லாத வீடு இல்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடி என்று தாய்மார்களிடம் மட்டும் சொன்னால் போதுமா? காற்றை யார் பார்ப்பது?

கோரிமேடு செவிலி

நியாயமான கேள்வி அண்ணா. மருந்து கொடுத்து அதே காற்றுக்குத் திருப்பி அனுப்புவது எங்களுக்கும் வருத்தம்தான். கண்டுபிடிப்பதும் காற்றுக்காகக் கேட்பதும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. நாற்றம் வந்த தேதி, நேரம், அன்று எந்தப் பிள்ளைக்கு இருமல் கூடியது என்று தெருவாகச் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கும்போதும், டாக்டரிடம் காட்டும்போதும் அந்த நோட்டு பேசும். காற்று மோசம் என்பதற்காக ஒரு குழந்தையின் இருமலைச் சோதிக்காமல் விட்டுவிடவும் கூடாது. அந்தத் தெருவிலும் ஒரு பிள்ளைக்குக் காசநோயோ ஆஸ்துமாவோ இருக்கலாம்.

பாகூர் ஆசிரியர்

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஒரு குழந்தை மற்றப் பிள்ளைகளோடு எப்படி ஓடுகிறது என்பதை வீட்டை விட நாங்கள்தான் அதிகம் பார்க்கிறோம். விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்காரும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் புகுந்த வீடுகளில் சுவரெல்லாம் பூஞ்சை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளின் இருமலை நானே கவனித்தேன்.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை வர வேண்டும். பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்க்கும் முப்பது கோளாறுகளில் வீசிங்கும் ஒன்று. குழு வரும் நாளில் வரிசையில் நிற்கும் அறுபது பிள்ளைகளில் இருமும் பிள்ளை யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள்தான் முன்கூட்டியே பெயர் எழுதி வைத்துக் கொடுக்க வேண்டும். மற்ற ஆசிரியர்களும் இதைச் செய்யலாம்.

மஞ்சக்குப்பம் அம்மா

போய் வந்தோம். வீடியோவைப் போட்டதும் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக்கூட வைக்காமல் முதலில் அதைத்தான் இரண்டு முறை கேட்டார். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரைப்பை நீர்ப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்துவிட்டது. இரண்டு வார ஆன்டிபயாட்டிக் கொடுத்து, நடுவில் நின்றாலும் நிறுத்தக் கூடாது என்றார். இருமல் மருந்து வேண்டாம் என்றும் சொன்னார். மருந்து முடிவதற்குள் கொர கொர சத்தம் அடங்கிவிட்டது. இப்போது இருமல் இல்லை. சிஸ்டர், இனி எதைக் கவனிக்க வேண்டும்?

கோரிமேடு செவிலி

மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஒரு காலண்டரில் ஈர இருமல் வரும் நாட்களை மட்டும் குறித்து வையுங்கள். சாதாரணச் சளி வந்து போகும், பயப்பட வேண்டாம். ஒரே வருடத்தில் மூன்று முறைக்கு மேல் இதே மாதிரி திரும்பினால், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்காமல் திரும்பப் போய் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். எடையை மாதம் ஒருமுறை பாருங்கள். இந்த வருட ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பாகூர் ஆசிரியர்

சிஸ்டர், நீங்கள் முதலில் எழுதிய அடையாளங்களை அப்படியே அச்சடித்துப் பெற்றோர் கூட்டத்தில் கொடுக்கலாமா?

கோரிமேடு செவிலி

தாராளமாகக் கொடுங்கள் சார். ஒன்றை மட்டும் மேலே பெரிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுத்தால், உதடு நீலமானால், பால் குடிக்க முடியாமல் போனால் 108ஐ அழைக்க வேண்டும்.